மிகப் பெரிய தண்டனை

அந்தக் கூண்டில் பிறந்த கிளிகளுக்கு உலகம் என்றால் சிறைதான். வெளியே என்றாலே பயம். மரகதவல்லிக்கு மட்டும் எதிர்க் கொய்யாமரத்தில் தொங்கிய பழத்தை ஒரு கொத்தாவது கொத்திவிட வேண்டும்.

"பூட்டையா, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?" என்று கதவில் தொங்கிய பூட்டுக் காவலரைக் கேட்டாள்.

"கேள்வி கேட்கிறதே குத்தம்தான்."

"அப்போ கேட்காம இருந்தப்ப எதுக்கு அடைச்சு வெச்சீங்க?"

பூட்டையாவுக்குத் துருவெல்லாம் சிவந்துவிட்டது. "வாய்க்கு வாய் பேசுறியா? சட்டத்திலேயே பெரிய தண்டனை கொடுத்துடுவேன். சிறையை விட்டே நீக்கிடுவேன், ஜாக்கிரதை!"

கிளிகள் நடுங்கின. அத்தைக் கிளி அழுதேவிட்டாள். மரகதவல்லி கழுத்தைச் சாய்த்து யோசித்தாள்.

"எங்கே, நீக்குங்க பார்ப்போம்!"

சொன்ன சொல் தவறாதவர் பூட்டையா. டக்கென்று வாயைத் திறந்தார், கதவும் திறந்தது. அவள் பறந்துபோய்க் கொய்யாவில் மூக்கைப் புதைத்தாள்.

உள்ளே இருந்தவர்கள் கம்பியோரம் வந்து அவளையே பார்த்தார்கள். பிறகு அத்தைக் கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏன் பூட்டையா, எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம்…"

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசை கட்டி நின்றார்கள். அன்று முழுக்கப் பூட்டையாவுக்கு வாயை மூட நேரமே கிடைக்கவில்லை.