சிக்னல் கண்டுக்காத பைக்

பத்து நிமிடம் நின்றும் பச்சை விழவில்லை. சிவப்பில் தாண்டிய பைக்காரரின் லைசென்ஸைப் போலீஸ் பறித்துக்கொண்டது. கோளாறு சிக்னலில்தான் என்று எழுதி வாங்க, சிக்னல் போட்ட என்ஜினியரின் மேசைமுன் அவர் ஹெல்மெட்டோடு நின்றார்.

"கார் வந்தா உடனே பச்சை விழுது சார். பைக்னா கண்டுக்கவே மாட்டேங்குது."

"சென்சார்ல கோளாறே இல்லய்யா. உனக்குத்தான் அவசரம்."

"லைசென்ஸ் இல்லாம வேலைக்கு எப்படிப் போறது?"

"நடந்து போ. ரோட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? பாடம் எடுக்க வந்துட்ட."

"தெரியும் சார். அங்க ரோட்டை வெட்டி சென்சார் வயர் பதிச்சதே நான்தான். வயரை நாலு சுத்து போட்டாத்தான் பைக்கைப் பிடிக்கும்னு அன்னைக்கே சொன்னேன். 'கார் தெரிஞ்சா போதும், ரெண்டோட நிறுத்தித் தாரை ஊத்து'ன்னீங்க."

என்ஜினியர் அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்."