கிணற்று மேட்டு மண்

"மண்ணு கெடச்சுதா?"

மாமன் ராசப்பன் வாசலிலேயே மறித்துக் கேட்டார்.

கண்ணுசாமி ஈரத் துண்டில் கட்டியிருந்த முடிச்சைத் தூக்கிக் காட்டினான்.

உள்ளே அவனுடைய ஆத்தா ஆராயியின் மூச்சு, காய்ந்த சோளத்தட்டைத் தரையோடு இழுத்துப் போவது போலக் கேட்டது.

வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான். போகவும் மாட்டேன் என்கிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது உயிர். பால் ஊற்றியாயிற்று. மருமகள் தாலியை உரசிப் பொன்தண்ணீர் ஊற்றியாயிற்று. எல்லாம் கடைவாயில் வழிந்துவிட்டது.

மண்ணாசை, அவள் மண்ணைக் கரைத்து ஊற்றினால்தான் அடங்கும் என்று ஊரே சொல்லிவிட்டது.

அவள் மண் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. தண்ணீர் ஏறிய வருஷம் சட்டிபானையோடு இந்த மேட்டுக்கு வந்து குடிசை போட்டவர்கள் அவர்கள். கோடையில் தண்ணீர் வடிந்தால் அவர்கள் உழுத பழைய காடு வெளியே தெரியும். ஒரு பிடி அள்ளிவரத்தான் கண்ணுசாமி விடியலில் போனான்.

"எந்த எடத்துல எடுத்த?"

"கெணத்து மேட்டுலீங்க மாமா."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி குஞ்சம்மாள் அதைக் கேட்டதும் மாமியாரின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எங்க மாமனாரு சாவறப்பப் பாதிக் கெணறுதான் வெட்டியிருந்துச்சாம். இந்த அத்ததான் கடப்பாறையத் தூக்கிட்டு எறங்குனாங்களாம். பொம்பள தோண்டுனாக் கண்ணீருதான் ஊறும்னு ஆம்பளைக சிரிச்சாங்களாம். ஊறட்டும், அதுவும் தண்ணிதானன்னாங்களாம்."

ராசப்பன் மூக்கை உறிஞ்சினார். அக்கா கிண்டிப்போட்ட களியில் ஆளானவர் அவர்.

ஊறத்தான் செய்தது. ஆனால் மகா கஞ்சத் தண்ணீர். கொஞ்ச நேரம் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டினால் போதும், தண்ணீர் மொள்ளும் தோல்சால் அடிப்பாறையில் தட்டும். மறுபடி ஊறும்வரை மாடுகள் பூட்டியபடியே நிற்கும்.

"எட்டிப் பாரு சாமி, ஊறுச்சா?"

சிறுவயதெல்லாம் ஆத்தா இப்படிக் கேட்க, கண்ணுசாமி சொன்ன பதில் ஒன்றுதான். இல்ல ஆத்தா.

அந்தத் தண்ணீரை வைத்தே பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். பஞ்சத்தில் அடுத்தவர் வாசலில் போய் நிற்காமல் குடும்பத்தைக் கரையேற்றினாள்.

ராசப்பன் முடிச்சை அவிழ்த்தார். மண்ணைச் சங்கில் போட்டுக் கரைத்தார். விரலில் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம காடு கரிசலாச்சே. இது செகப்பா இருக்குது?"

கண்ணுசாமி பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

இந்த வருஷம் தண்ணீர் வடியவேயில்லை. மார்பளவுக்கு இறங்கிக் காலால் துழாவினான். இன்னும் தள்ளிப் போனால் காலுக்குத் தரை தட்டவில்லை. கிணறு இன்னும் எங்கேயோ உள்ளே கிடந்தது. வெறுங்கையோடு எப்படி வருவது? வரும் வழியில், வண்டித்தடத்து ஓரத்தில் அள்ளிய மண் அது.

"தண்ணியில ஊறுனதுல நெறம் மாறிடுச்சுங்க."

ராசப்பன் அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சங்கை அக்காவின் உதட்டில் வைத்தார்.

ஆராயி பல்லைக் கடித்துக்கொண்டாள். செந்தண்ணீர் மோவாயில் இறங்கித் தலையணையை நனைத்தது.

"அவளுக்குத் தெரியுதுடா."

கண்ணுசாமியால் நிமிர முடியவில்லை. பொய் மண்ணை ஊற்றி, போகிற உயிரையும் அந்தரத்தில் கட்டிப்போட்டு விட்டோமோ என்று பயந்தான்.

அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். சங்கைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எட்டிப் பாத்தியா சாமி? ஊறுச்சா?"

அவன் மண்டிபோட்டு அவள் காதருகே குனிந்தான்.

"நெறஞ்சு கெடக்குது ஆத்தா. மேல வரைக்கும். கண்ணுக்கெட்டுன தூரம் தண்ணிதான்."

முடிச்சுப் போட்டிருந்த துண்டு கீழே கிடந்தது. மண் படாத முனை இன்னும் ஈரமாக இருந்தது. அதை எடுத்து அவள் வாயருகே பிழிந்தான். சொட்டுச் சொட்டாக அணைத் தண்ணீர் விழுந்தது.

தொண்டை ஏறி இறங்கியது. குடித்துவிட்டாள்.

உதட்டை நக்கிக்கொண்டு, அந்தப் பழைய அதட்டலில் கேட்டாள்.

"அப்பறம் என்னத்துக்கு நின்னுட்டிருக்கற? மாட்ட ஓட்டு."

"இதா போறனுங்க ஆத்தா."

கண்ணுசாமி எழுந்தான். ராசப்பன் சங்கைக் கீழே வைத்துவிட்டு, அவன் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.