களிம்பேறிய ஓட்டைக் காலணா

"ஏம்மா, காசை இப்படியா களிம்பு பிடிக்க விடுவாங்க?"

கரண்ட் கணக்கெடுக்க வந்த மணிவண்ணனுக்கு மனசு ஆறவில்லை. பழங்காசு என்றால் சோறு தண்ணி மறக்கிற மனுஷன் அவர்.

மருதாயி வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கியது ஒரு ஓட்டைக் காலணா. அதிலும் தட்டைக் கிரீடம் போட்ட ரகம் மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னேயிருந்து அதைத்தான் தேடுகிறார். பெரம்பலூர், அரியலூர் என்று கேட்காத ஆளில்லை. கடைசியில் ஆண்டிமடத்தில் கண்ணில் பட்டது, பச்சைப் பசேலென்று அரித்துப்போய்க் கிடக்கிறது. கிரீடமே சரியாகத் தெரியவில்லை.

"எனக்குக் குடுத்துடும்மா. நூறு ரூபா தரேன்."

"விக்கிறதுக்கில்லீங்க சார்."

"எரநூறு?"

"வேணாங்க. அது இருக்கட்டும்."

முந்திரிக்காட்டுக் கூலி வேலைக்காரிக்கு எரநூறு கசக்குதாமா? விலையை ஏத்தப் பார்க்கிறாள், கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, மீட்டர் அட்டைய எடுத்துட்டு வாம்மா."

அவள் உள்ளே போனாள். பாத்திரம் துலக்குகிற கல்லில் புளிச்சக்கை ஈரமாகக் கிடந்தது. குடமும் சொம்பும் என்னமாய்ப் பளபளக்குது, இந்தக் காசுக்கு மட்டும் கை வரலையாக்கும்.

மணிவண்ணனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கேட்காமல் தொடுகிறோமே என்று ஒரு கணம் யோசித்தார். நல்லதுதானே செய்கிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். காசைக் கழற்றி, புளியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். களிம்பு கரைந்து ஓடியது. அடியில் அங்கங்கே குழி விழுந்திருந்தாலும் தட்டைக் கிரீடம் தெரிந்தது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அட்டையோடு வந்தவளிடம் காசை நீட்டினார்.

"இப்பப் பாரும்மா, எப்படி மின்னுதுன்னு. நெசமாவே அபூர்வமான காசு. ஒன்ன ஏமாத்த மாட்டேன், ஐநூறு தரேன்."

மருதாயி வாங்கினாள். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திரும்பவும் மோந்தாள். அப்புறம் அவர் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க சார். காசு எதுவும் வேணாம்."

"என்னம்மா, சும்மாவா குடுக்கிறே?"

"எம் மவன் அரணாக்கயித்துல கெடந்ததுங்க. காய்ச்சல்ல அவன் போனப்புறம் தெனமும் மோந்து பார்ப்பேன். அந்தக் களிம்பு அவன் வேர்வைங்க சார். இனிமே அது வெறுங்காசுதானே."