துரை வண்டிச் சத்தம்

"சத்தம் இஞ்சின்ல இல்ல தம்பி. இஞ்சின் தங்கமா இருக்கு" என்றார் மெக்கானிக் சோலைமலை.

நோர்வூட் கடைத்தெருவின் கோடியில் அவருடைய கராஜ். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, கட்டைப் பிடியைக் காதில் வைத்து, டாக்டர் நெஞ்சு பார்ப்பதுபோல இடம் இடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். பக்கத்தில் நின்ற லியனார்டுக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் டிரைவர். உலக யுத்தத்துக்கு முந்திய அந்தக் கறுப்புக் கார், கொஞ்ச நாளாக மேடு ஏறும்போதெல்லாம் கடகடவென்று ஊரைக் கூட்டியது.

"அப்ப எங்கயிருந்துண்ணே வருது? நாளைக்கும் சத்தம் கேட்டா, சாவிய வச்சிட்டு, செடி வெட்டக் கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கன்னு தொரை சொல்லிட்டாரு."

சோலைமலை காருக்கு அடியில் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"சேறு அடிக்காம இருக்க இஞ்சினுக்குக் கீழ ஒரு தகடு இருக்குல்ல, அதுதான் ஆடுது. காருக்கு ஒரு கெடுதலும் இல்ல. காதுக்குத்தான்."

"அத நானே ஒருக்கா முறுக்குனேனே. வீட்டுக்காரிய விளக்குப் புடிக்கச் சொல்லி, அடியில படுத்து நல்லா இறுக்கித்தான் விட்டேன்."

"அப்ப தானா கழண்டிருக்கும். இப்ப அப்படி இல்ல. நட்டுல ஸ்பேனர் போட்டுத் திருப்பின தடம் புதுசா இருக்கு. யாரோ கை வச்சிருக்காங்க."

லியனார்டின் முகம் சிவந்துவிட்டது.

"வாச்சர் அழகுமுத்துதான். கார் ஷெட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் வீட்டு ஆணியில தொங்குது, இன்னொண்ணு அவன்கிட்ட. அவன் மச்சான் லைசன எடுத்து வச்சிக்கிட்டு என் வேலைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

"வெறுங்கையோட போய்ச் சண்ட போடாத. கையும் களவுமாப் புடி" என்று புது வாஷர் போட்டு முறுக்கியபடியே சொன்னார் சோலைமலை. "உங்க தொரை என்ன, பொல்லாதவரா?"

"புதுசா வந்தவரு. எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசுவாரு. ஆனா எந்த மலைக்குப் போனாலும் பொம்பளையாளுங்க நெரை புடிச்சு, குனிஞ்ச தல நிமிராம கொழுந்து எடுக்கிறாங்கன்னு அவருக்கு ஒரே பெருமை. இந்தச் சத்தம் ஒண்ணுதான் புடிக்கல."

திரும்பும்போது கார் பூனை மாதிரி மேடு ஏறியது. சாவி பறிபோக இருந்த கதையை லியனார்ட் வீட்டில் சொல்லவில்லை. கைக்குழந்தைக்காரி, அவளை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று நினைத்தான்.

மறுநாள் விடிகிற நேரம். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு இன்னும் கேட்கவில்லை. பீலியில் முகம் கழுவப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, ஷெட்டின் பின்னால் பனியில் ஒண்டிக்கொண்டான். அழகுமுத்து மட்டும் வரட்டும், பிடரியைப் பிடித்துத் துரை முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டுக் கதவு திறந்தது. காருக்கு அடியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. லியனார்ட் பாய்ந்து போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பிடித்து இழுத்தான்.

கையில் அவனுடைய ஸ்பேனரோடு வெளியே வந்தவள் அவன் மனைவி மரியநாயகி.

"நீயா? என் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியே. இன்னிக்கும் சத்தம் வந்தா என் வேலை போயிரும், தெரியுமா?"

"நீங்க அத வீட்டுல சொல்லவே இல்லையே." சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவள் மெதுவாகத்தான் பேசினாள். "நானும்தான் சொல்லல. சொன்னா பயந்துபோய் நிப்பாட்டிருவீங்க."

"எத நிப்பாட்டுவேன்?"

"மத்தியானம் ஒருக்கா தவிர வேற நேரத்துல பால் குடுக்கப் போனா அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான்னு உங்க தொரை சட்டம் போட்டிருக்காரு. பச்சப்புள்ள சட்டம் பாத்தா அழுகுது? கங்காணி கண்டும் காணாம இருந்துக்கிறாரு. கீழ் வளைவுல உங்க காரு கடகடன்னதும், பால் குடுக்கிறவங்க அத்தன பேரும் புள்ளைங்கள விட்டிருக்கிற புள்ளக்காம்பராவுல இருந்து நெரைக்கு ஓடியாந்துருவோம். அந்தச் சத்தம் நின்னா நம்ம மகனுக்குப் பாலும் நின்னுரும்."

லியனார்டுக்கு அவள் மீது வந்த கோபம் அப்படியே தன் மீது திரும்பியது. தினமும் துரையை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன்தானே. அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினான். காருக்கு அடியில் படுத்து, அந்த நட்டை இறுக்க முறுக்கிவிட்டு எழுந்தான். மரியநாயகியின் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானையால் துடைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

பத்து மணி வாக்கில் கார் ஓசையில்லாமல் மலைப்பாதையில் ஏறியது. பின்சீட்டில் துரை திருப்தியாகச் சாய்ந்திருந்தார்.

கீழ் வளைவு வந்தது. லியனார்ட் ஹாரனை அழுத்தினான். அழுத்திய கையை லேசில் எடுக்கவில்லை.

"என்ன லியனார்ட் இது?"

"பிரேக்கு பழசாயிருச்சு தொரை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுத்தான் போகணும்னு மெக்கானிக் கண்டிசனா சொல்லிட்டாரு."

மலையில் பெண்கள் நிரை பிடித்து, குனிந்த தலை நிமிராமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். துரைக்குப் பெருமை தாங்கவில்லை; கடைசி நிரையில் மரியநாயகிக்கு மட்டும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.