பொந்தை மூடிய இலை

சிறகொடிந்த பறவைகளுக்காகக் காட்டில் எல்லோரும் கொடுக்கும் தானியத்தை அணில் ஒரு மரப்பொந்தில் சேர்த்துவைத்து ஊட்டிவந்தது. மழைக்காலம் முடியும் முன்பே பொந்து காலியாகிவிட்டது. நம்பிக் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூசிப்போன அணில், தேக்கிலையால் பொந்தை மூடிவிட்டு, தன் சாப்பாட்டை எடுத்துப் பறவைகளுக்கு ஊட்டியது.

"மூடி வச்சுக்கிட்டு அதுவே திங்குது" என்று காடெல்லாம் பேச்சு. தானியம் வருவதும் நின்றது.

பொறுக்கமாட்டாமல் மைனா ஒருநாள் இலையைப் பிடித்து இழுத்தது. உள்ளே ஒரு மணிகூட இல்லை. அணிலைத் திரும்பிப் பார்த்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மைனா பறந்துபோய் எல்லோரையும் கூட்டிவந்து காட்டியது.

சாயங்காலத்துக்குள் பொந்து நிரம்பி வழிந்தது. அணில் பழக்கதோஷத்தில் இலையைத் தேடி எடுத்தது.

"அதைக் கீழ போடுக்கா" என்றது மைனா.