பிடித்தவர் பெயர்

வசந்தத்தில் கூட்டமாகப் பறக்கும் மார்ச் ஈயை வகை பிரிக்க அதன் முன்னங்காலைப் பார்க்க வேண்டும். ஒற்றை முள் நீண்டிருந்தால் ஒரு பேரினம், முட்கள் வளையமாக நின்றால் வேறொரு பேரினம். துனிஸ் ஆய்வுக்கூடத்தில் நஸீஹாவுக்கு இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. பெட்டிகளில் இருந்த ஈக்களையும் ஐன் தராஹிம் காட்டு மழையில் நனைந்து அவள்தான் பிடித்து வந்தாள்.

ஒவ்வோர் ஊசியிலும் ஈக்குக் கீழே ஒரு சீட்டு இருக்கும்: ஊர், தேதி, பிடித்தவர் பெயர். செருகிய சீட்டைக் கழற்றவே கூடாது. ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் மஹ்ரஸ் கழற்றினார். எல்லாவற்றிலும் தன் பெயரை எழுதிச் செருகினார்.

"ஈயை யார் வேணா பிடிக்கலாம். பேருக்கு ஒரு எடை வேணாமா?" என்றார், அவள் கேட்டபோது.

பிப்ரவரியில் அவர் இறந்தார். ஜெல்லாஸ் மயானத்தில் புதைத்தார்கள்.

மார்ச்சில் ஒரு காலை, பூட்டியிருந்த பெட்டியை நஸீஹா திறந்தாள். காலி வரிசையில் புதிதாக ஓர் ஈ இருந்தது. கால்களில் ஈரமண். சீட்டில் மஹ்ரஸின் சாய்ந்த கையெழுத்து: ஜெல்லாஸ், அன்றைய தேதி, பிடித்தவர் மஹ்ரஸ்.

உடன் வேலை செய்யும் ஹம்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "லல்லா நஸீஹா, அந்தச் சீட்டைக் கழட்டிப் போடுங்க. உங்க பேர எழுதுங்க."

"செருகினதைக் கழட்டக் கூடாது."

அவள், ஈ கிடைத்த இடங்களைக் குறிக்கும் பரவல் வரைபடத்தை விரித்து, ஜெல்லாஸில் ஒரு புள்ளி வைத்தாள்.

"இது ஒண்ணுதான் ஹம்தி, அந்த மனுஷன் தன் கையால பிடிச்சது."