டீசரில் இல்லாத சத்தம்

"ஊசி வேண்டாம் டாக்டர். மரத்துப் போற மருந்தும் வேண்டாம். அப்படியே பிடுங்கிடுங்க."

பல் டாக்டரம்மா கையிலிருந்த ஊசியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்திருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் மலை மாதிரி இருந்தார். முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது. ஊசிக்குப் பயந்து வலியை வாங்கிக்கொள்ளும் ஜென்மங்களும் உலகத்தில் உண்டுதானே.

"உயிர் போயிடும் சார்."

"பரவாயில்ல டாக்டர்."

"எங்க மாமாவுக்கு ஊசின்னாலே ஆகாது" என்றான் கூட வந்த மைத்துனன். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மாமாவின் தலைமாட்டிலேயே நின்றிருந்தான். "பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அந்த ஏ.சி.யைக் கொஞ்சம் அணைச்சிடலாமா? ஃபேனையும். காத்து பட்டா அவருக்குப் பல்லு கூசும்."

நர்ஸ் இரண்டையும் அணைத்தாள். ஜன்னலையும் சாத்தச் சொன்னான், சாத்தினாள். "நான் மூச்சு விடலாமா, இல்ல அதுவும் கூசுமா?" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே டாக்டரம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

டாக்டரம்மா விளக்கைச் சரித்து வேலையை ஆரம்பித்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசுவதில் அவருக்கு ஒரு தனி சுகம். எதிர்ப்பேச்சு வராது. வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை.

"அந்த விண்வெளிப் படத்தோட ரெண்டாம் பாகம் அடுத்த மாசம் வருதாமே. முதல் பாகம் பார்த்தீங்களா சார்?"

"ஆ" என்றார் அவர்.

"அதுல ஆறுகண்ணன் இருக்கானே, அந்த ராட்சசன்? தன்னோட கிரகம் எரியறதைப் பார்த்து ஒரு கத்து கத்துவான். எனக்குக் கல்யாணம் ஆனதே அந்தக் கத்தலாலதான். பயத்துல நானும் கத்திட்டு, பக்கத்து சீட்டுல இருந்தவர் கையைப் பிடிச்சுட்டேன். யாருன்னே தெரியாது. படம் முடியற வரைக்கும் ரெண்டு பேருமே கையை விடலை."

நர்ஸ் இந்தக் கதையை வாரம் ஒரு தடவை கேட்கிறாள். ஆனாலும் சிரித்தாள்.

"ரெண்டாம் பாகம் வந்தா முதல் நாள் முதல் காட்சி, அதே தியேட்டர், அதே சீட்டுன்னு அன்னிக்கே பேசி வச்சோம். இப்ப என்னடான்னா டீசர்ல ஆறுகண்ணன் கத்தறது மிக்ஸியில கல்லு மாட்டின மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்ல பண்ணிட்டாங்கபோல."

நாற்காலியில் இருந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்களுக்கும் அதே கவலைதான் டாக்டர்."

"பாருங்க, உங்களுக்குப் புரியுது. எங்க வீட்டுக்காரருக்குப் புரியலை. நான் வரலைன்னு சொல்லிட்டேன். அந்தச் சத்தம் போச்சுன்னா எனக்கு அந்த நாளே போன மாதிரி. அவர் என்னடான்னா, 'படம் நல்லா இல்லைன்னா என்ன, கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்'ங்கறார். நேத்துலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை."

மனுஷன் அப்படிச் சொன்னதில் தப்பென்ன என்று நர்ஸுக்குத் தோன்றியது. சம்பளம் வாங்குகிற இடத்தில் அதையெல்லாம் சொல்ல முடியுமா?

"சரி, பிடுங்கப் போறேன். பல்லைக் கடிச்சுக்கங்கன்னு கூடச் சொல்ல முடியாது. நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

மைத்துனன் பையைத் திறந்தபடி மாமாவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். பாசக்காரப் பையன் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். இடுக்கியைப் பல்லில் கொடுத்து, அசைத்து, ஒரே இழு.

அந்த மனிதர் அலறினார்.

அடிவயிற்றில் கிளம்பி, உயர்ந்து, உடைந்து, கடைசியில் விம்மலாக இறங்கிய அலறல். டாக்டரம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவரும் "அய்யோ" என்று கூடவே அலறி, இடுக்கியும் பல்லுமாக நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் கையை விடுவித்துக்கொண்டு, அவர் வாயில் பஞ்சை வைத்தாள்.

"இது... இது ஆறுகண்ணன்" என்றார் டாக்டரம்மா. "நீங்கதானா சார்?"

அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெட்கத்தோடு தலையாட்டினார்.

மைத்துனன் பைக்குள்ளிருந்து ஒரு மைக்கை வெளியே எடுத்தான். "ஸ்டுடியோவுல எவ்வளவோ கத்திப் பார்த்துட்டார் டாக்டர், அந்தச் சத்தம் வரவே மாட்டேங்குது. முதல் பாகத்துல நீங்க கேட்டது இவரோட கடைவாய்ப் பல்லைப் பிடுங்கின சத்தம். அதான் டைரக்டர் இங்க அனுப்பி வச்சார்."

டாக்டரம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நர்ஸுக்குத் தெரியவில்லை. "என் வீட்டுக்காரருக்கு போன் போடும்மா. ரெண்டு டிக்கெட்டும் எடுக்கச் சொல்லு. நான் வர்றேன்னு சொல்லு."

மைத்துனன் ஹெட்ஃபோனை மாட்டிப் பதிவைக் கேட்டான். கேட்கக் கேட்க முகம் தொங்கிப் போனது. ஹெட்ஃபோனைக் கழற்றி மாமாவின் காதில் வைத்தான்.

அவரும் கேட்டார். பெருமூச்சு விட்டார். பஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பக்கத்துப் பல்லும் ஆடுது டாக்டர். இந்தத் தடவை நீங்க கத்தாதீங்க."